அமாலியாவின் கழுத்து

ரெட்டோ முதல்முறையாக ரிஷானியின் தலைமுடியை உண்மையாகவே பிடித்து இழுத்தது ஒத்திகையின் ஐந்தாம் நாள்.

காட்சி நடப்பது 1904இல், ஓர் ஒலிப்பதிவு அறையில். மைக் என்ற ஒன்று இன்னும் வராத காலம். பாடுகிறவர் பெரிய பித்தளைக் குழலொன்றின் வாய்க்கு நேரே முகத்தை வைத்துப் பாடவேண்டும். மறுமுனையில் ஊசி மெழுகுத் தட்டைக் கீறிக்கொண்டு போகும். மெல்லிய சுரங்களுக்குக் கிட்டப் போகவேண்டும், உச்ச சுரம் வந்தால் பின்னால் விலகவேண்டும். விலகாவிட்டால் ஊசி துள்ளித் தட்டு பாழாகிவிடும். சோப்ரானோ என்ற உச்சக் குரல் பாடகி அமாலியா ஸ்டக்கிக்குப் பாடத் தொடங்கினால் விலகுகிற நினைவே இராது. ஆகவே அவளுடைய கணவனும் மேலாளருமான காஸ்பர் பின்னால் நின்று, உச்ச சுரம் வரும்போதெல்லாம் அவள் பின்னலைப் பிடித்து இழுத்தான்.

இழுப்பது போல நடித்தால் போதும் என்றுதான் பேச்சு. காஸ்பராக நடித்த ரெட்டோ கையில் பின்னலைச் சுற்றி வெடுக்கென்று இழுத்தான். ரிஷானியின் கழுத்து பின்னால் மடங்கியது. பாடிய சுரம் உடைந்து அலறலானது. கண்ணில் நீர் முட்டியது.

“அதுதான்! அந்த அலறலை விட்டுவிடாதே!” என்று கை தட்டினாள் இயக்குநர் பெர்ணடெட்.

இடைவேளையில் ரெட்டோ தண்ணீர்ப் போத்தலை நீட்டி, “மன்னித்துக்கொள், காட்சிக்குள் போய்விட்டேன்” என்றான். ரிஷானி பரவாயில்லை என்றாள். அப்படிச் சொன்னதற்காகப் பிறகு பல மாதம் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

ஆனால் அந்தப் பாத்திரம் அவளுக்கு வேண்டியிருந்தது. முப்பத்தொரு வயது. ஒன்பது வருடமாகப் பல மேடைகளில் கோரஸில் நாற்பது பேருக்குள் ஒருத்தியாய் நின்றவள். சுவிட்சர்லாந்தில், வின்டர்தூரில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒப்பேரா என்ற மேல்நாட்டு இசைநாடகம் பாடுகிறாள் என்று கோயிலில் கண்டவர்கள் விசாரிப்பார்கள், பாடினதை வந்து கேட்டவர்கள் குறைவு. இப்போதுதான், இன்டர்லாக்கனில் ஒரு பழைய ஹோட்டலின் மண்டபத்தில் நடக்கும் கோடை விழாவில், ஒரு புதிய ஒப்பேராவின் தலைப் பாத்திரம் கிடைத்திருந்தது. அது அமாலியாவின் கதை.

அமாலியா தூண் என்ற நகரில் ஒரு சலவைக்காரியின் மகள். ஈரத் துணி பிழிந்துகொண்டு பாடியதை ஒரு தேவாலய இசைஞர் கேட்டுப் பாடம் சொல்லிக்கொடுத்தார். இருபத்திரண்டு வயதில் பாசல், பிறகு மியூனிக், பிறகு மிலான். குழலுக்குள் பாடி ஊர் ஊராகத் தன் குரலை அனுப்பிய முதல் பெண்களில் ஒருத்தி. காஸ்பர் அவளுக்கு மேடை பிடித்துக் கொடுத்தான், ஒப்பந்தங்களில் தானே கையெழுத்திட்டான், அடித்தான். மேடையில் தெரியாத இடங்களாகப் பார்த்து அடித்தான். 1911 கோடையில், இதே ஹோட்டலின் இரண்டாம் மாடியில், இனிமேல் உனக்காகப் பாடமாட்டேன் என்று அவள் சொன்னாள். காஸ்பர் கழுத்தை நெரித்தான். அவள் சாகவில்லை. குரல்வளை நசுங்கிக் குரல் போய்விட்டது. காய்ச்சலில் போனதாகப் பத்திரிகைகளுக்குச் சொன்னான். அமாலியா அந்த ஹோட்டலின் சலவைப் பகுதியிலேயே வேலை கேட்டு, முப்பத்திரண்டு வருடம் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டாள். அவ்வளவு காலமும் அவளுடைய இசைத்தட்டுகள் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தன. தங்கைக்கு அவள் எழுதிய ஒரு கடிதத்தின் நகல் ஒத்திகை அறைச் சுவரில் ஒட்டியிருந்தது. ‘அவன் கைகள் என் கழுத்தில் இருந்தபோது, அடுத்த வரியின் சொல் என்ன என்றுதான் யோசித்தேன்.’

பத்தாம் நாள் நெரிக்கும் காட்சிக்கு வந்தார்கள். ஓர் ஏற்பாடு இருந்தது. ரிஷானிக்கு நொந்தால் ரெட்டோவின் மணிக்கட்டில் இரண்டு தரம் தட்டுவாள், அவன் உடனே விட்டுவிட வேண்டும்.

அவள் தட்டினாள். அவன் விடவில்லை. பெருவிரல்கள் இரண்டும் தொண்டைக் குழிக்குள் இறங்கின. திரும்பத் தட்டினாள். அவனுடைய முகம் மிகக் கிட்ட இருந்தது, அதில் கோபமே இல்லை, ஒரு வேலையைக் கவனமாகச் செய்கிறவனின் முகம். மூன்றாம் தரம் தட்டினாளா, பிறாண்டினாளா தெரியாது. மண்டபத்தின் விளக்குகளைச் சுற்றிக் கறுப்புப் பொட்டுகள் பறந்தன. முழங்கால்கள் மடிந்தன. அவள் விழுந்த பாரத்தில்தான் அவன் பிடி கழன்றது.

தரையில் கிடந்து இருமினாள். எச்சிலில் இரத்தம் கோடிட்டிருந்தது.

“தட்டினேன்” என்றாள், குரல் வரவில்லை.

“நான் உணரவில்லை” என்றான் ரெட்டோ.

பெர்ணடெட் அவளைத் தூக்கி இருத்தினாள். “நீதானே சொன்னாய், பொம்மை நாடகமாக இருக்கக் கூடாது என்று” என்று மெதுவாகச் சொன்னாள். விழா அலுவலகத்தில் ரிஷானி ஒரு முறைப்பாட்டுப் படிவம் நிரப்பிக் கொடுத்தாள். விசாரிப்போம் என்றார்கள். மறுநாள் காலை கண்ணாடியில் பார்த்தால் கழுத்தின் இரு பக்கமும் நாவற்பழ நிறத்தில் விரல் அடையாளங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அதே ஹோட்டலின் சமையலறையில்தான் அவளுடைய அண்ணன் தவச்செல்வன் வேலை. நாற்பத்து நான்கு வயது. பத்து வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். பதினேழு வயதில், குடித்துவிட்டு அம்மாவை அடித்த அப்பாவின் கையை வீட்டுக் கதிரையால் முறித்தவனும் அவன்தான். அப்பா அதோடு வீட்டை விட்டுப் போனார். அப்போது ரிஷானிக்கு நான்கு வயது. அதன் பிறகு பள்ளிக்கூடக் கூட்டத்துக்கும் பாட்டு வகுப்புக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போனது அவன். இங்கு வந்த மற்றவர்கள் எல்லோரும் சுவிஸ் குடியுரிமை எடுத்தபோது, கடதாசியில் என்ன இருக்குது என்று சொல்லி அவன் விண்ணப்பிக்கவே இல்லை.

ஆடி மாதத்து வெக்கையில் கழுத்தில் சால்வையோடு வந்த தங்கையை அவன் ஒரு நிமிடம் பார்த்தான். கையில் பாதி செதில் சீவின மீன்.

“சால்வையை எடு.”

“குளிருது அண்ணா.”

“ரிஷா, எடு பாப்பம்.”

எடுத்தாள். அவன் கத்தியைப் பலகையில் வைத்தான். ஈரக் கையைத் துடைத்தான். நெடுநேரம் துடைத்தான்.

“ஆர்?”

“ஒத்திகையிலை நடந்தது. நான் எழுதிக் குடுத்திட்டன். அலுவலகத்திலை பாப்பினம்.”

“அந்த உயரமானவனோ? காலமை முட்டை பத்தாது எண்டு கத்துறவன்?”

“அண்ணா, இது என்ரை வேலை. நீங்கள் ஒண்டும் செய்யக்கூடாது. நீங்கள் ஏதும் செய்தால் இனி ஒருத்தரும் என்னைக் கூப்பிடமாட்டினம். சத்தியம் பண்ணுங்கோ.”

“ஓம்.”

“ஓம் எண்டால்?”

“சரியெடி, சத்தியம்.” பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு கேட்டான்: “இன்னொருக்காத் தொட்டால்?”

“அதை நான் பாத்துக்கொள்ளுவன்.”

பார்த்துக்கொண்டாள். மூன்று நாள் கழித்து முழு ஆடையலங்காரத்துடன் இறுதி ஒத்திகை. ரெட்டோவின் விரல்கள் மறுபடி இறுகத் தொடங்கியதும் ரிஷானி தட்டவில்லை. முழங்காலை மடித்து, அமாலியாவின் பாவாடையோடு சேர்த்து, அவன் தொடையிடுக்கில் முழு வேகத்தில் குத்தினாள். அவன் குனிந்தபோது முழங்கையால் காதோரம் அடித்தாள். ரெட்டோ மேடையோரம் நிறுத்தியிருந்த பித்தளைக் குழலையும் தள்ளிக்கொண்டு விழுந்தான். குழல் மேடையில் உருண்ட சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. வாத்தியக்காரர்கள் நிறுத்தினார்கள்.

“இனித் தட்டமாட்டேன்” என்று ஜெர்மனில் சொன்னாள். “இதுதான் இனி அடையாளம்.”

ரெட்டோ எழும்பிப் போய் ஐஸ் கேட்டான். அன்று பின்னேரம் அவளுடைய அறைக் கதவைத் தட்டி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை முதல் காட்சியில் கையை வைக்கிறதே தெரியாது என்றான். அவளுக்குப் பயந்துவிட்டான் என்று அவளுக்கு விளங்கியது. அதில் ஒரு சந்தோசமும் இருந்தது. இதையெல்லாம் அண்ணனிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தாள். உடை திருத்தக் கூப்பிட்டார்கள், பிறகு வானொலிக்காரர்கள் வந்தார்கள், சொல்லாமலே போய்விட்டது.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு முதல் காட்சி. மண்டபம் நிறைந்திருந்தது. ரிஷானி அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பாடியதில்லை. ஒலிப்பதிவுக் காட்சியில் ரெட்டோ பின்னலைத் தொட்டான், அவ்வளவுதான், மீதியை அவளே செய்தாள். கடைசிக் காட்சியில் அவன் கைகள் கழுத்தைச் சுற்றி வந்தபோது இலை பட்டது போல இருந்தது. மூச்சு தாராளமாகப் போய் வந்தது. அந்தத் தாராளத்தில்தான் அவளால் எல்லாம் முடிந்தது. கண்களைப் பிதுக்கினாள். குரலை இழை இழையாக அறுத்தாள். விரல்கள் காற்றைப் பிறாண்டின. அன்று கண்ட கறுப்புப் பொட்டுகளை நினைத்து அதையே திரும்பச் செய்தாள். முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டதை ஓரக்கண்ணால் கண்டாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மனம் சொன்னது.

மதியச் சாப்பாட்டு வேலைக்கும் இரவுச் சாப்பாட்டு வேலைக்கும் இடையில் சமையலறைக்காரர்களுக்கு இரண்டரை மணி நேர ஓய்வு. அன்று தவச்செல்வன் படுக்கப் போகவில்லை. வெள்ளைச் சட்டையோடே வந்து மண்டபத்தின் பின்கதவருகே நின்றிருக்கிறான்.

அவன் ஓடி வந்ததை ரிஷானி காணவில்லை. மேடைப் பலகை அதிர்ந்தது. ரெட்டோவின் கைகள் கழுத்திலிருந்து பறிபட்டுப் போயின. திரும்பினால் அண்ணன். குழலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தான். அது மேடைக்காகச் செய்ததல்ல, அந்தக் காலத்து உண்மையான பித்தளைக் குழல், ஒரு வளர்ந்த நாயின் பாரம். முதல் அடி ரெட்டோவின் தோளில் விழுந்தது. இரண்டாவது தாடையில். எலும்பு உடைந்த சத்தம் வயலின்களுக்கு மேலாகக் கேட்டது. ரெட்டோ மல்லாந்து விழுந்தான். யாரோ கை தட்டினார்கள். அதுவும் நாடகம் என்று நினைத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்து தட்டினார்கள்.

“அண்ணா! விடுங்கோ! அண்ணா!”

அவனுக்குக் கேட்கவில்லை. மூன்றாவது அடி வாயில். பற்கள் மேடையில் சிதறி உருண்டன. நான்காவது அடிக்குக் குழலின் விளிம்பு தொண்டையில் இறங்கியது. ரெட்டோவின் கை பலகையில் இரண்டு தரம் அடித்தது, பிறகு ஓய்ந்தது. ஐந்தாவது. ரிஷானி அண்ணனின் முதுகில் பாய்ந்து கழுத்தைக் கட்டிப் பிடித்துத் தொங்கினாள். அவளையும் சுமந்துகொண்டு அவன் ஆறாவது அடியை அடித்தான். அப்போதுதான் மேளக்காரரும் விளக்குப் பொடியன்களும் வந்து அவனை விழுத்தினார்கள். கை தட்டல் நின்று மண்டபம் கத்தத் தொடங்கியது.

காவல்துறை விலங்கு மாட்டும்வரை அவன் குப்புறக் கிடந்தான். கன்னம் மற்றவனின் இரத்தத்தில் ஒட்டியிருந்தது. “நோகுதோ?” என்று தங்கையைப் பார்த்துக் கேட்டான். “ரிஷா, கழுத்து நோகுதோ?”



ரெட்டோ பிழைத்தான். தாடை மூன்று இடத்தில் உடைந்திருந்தது, எட்டுப் பற்கள் போயிருந்தன, குரல்வளையின் குருத்தெலும்பு பிளந்திருந்தது. கதைக்க வரும், பாட வராது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அவனுக்கு முப்பத்தெட்டு வயது.

தவச்செல்வனின் வழக்கறிஞர் வேணுகா லுசேர்னில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். வின்டர்தூர் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கும் ரிஷானிக்கும் முன்னால் இருந்து விளக்கினாள். “ஆளைக் கொல்லப் போனவனிட்டை இருந்து தங்கச்சியைக் காப்பாத்தினவர் எண்டால் ஒரு மாதிரி. காப்பாத்துறன் எண்டு பிழையா நினைச்சவர் எண்டால் இன்னொரு மாதிரி. சும்மா கோவத்திலை அடிச்சவர் எண்டால் பாரதூரமான காயம், வருசக்கணக்கிலை சிறை, பிறகு நாடு கடத்தல். அவரிட்டைச் சுவிஸ் பாஸ்போட் இல்லை.”

“அதை எப்பிடிக் கண்டுபிடிப்பினம்?” என்று ரிஷானி கேட்டாள்.

“வீடியோவிலை கைதான் தெரியுது, இறுக்கம் தெரியாது. டொக்டர் உங்கடை கழுத்தைப் பாத்தவர், பழைய காயமோ புதுசோ எண்டு சொல்லேலாதாம். ரெட்டோ இறுக்கேல்லை எண்டு எழுதிக் குடுத்திருக்கிறார். மிச்சம் நீங்கள் ஒராள்தான். நீங்கள் என்ன சொல்லப்போறீங்கள் எண்டு நான் இப்ப கேக்கேல்லை.” அவள் போய்விட்டாள்.

அம்மா தில்லைநாயகி தேத்தண்ணிக் கோப்பையை உருட்டிக்கொண்டிருந்தாள். “இறுக்கினவன் எண்டு சொல்லு” என்றாள். “அண்டைக்கு இறுக்காட்டில் என்ன, முதல் இறுக்கினவன்தானே. நாள் மாறிப்போச்சு, அவ்வளவுதான்.”

“அது பொய் அம்மா.”

“கொண்ணன் பத்து வயசிலை விட்டிட்டு வந்த ஊர். அங்கை ஆர் இருக்கினம் அவனுக்கு? பொய் சொல்லி ஒருத்தரும் சாகேல்லை, பிள்ளை.”

சிறையில் அண்ணனைப் பார்க்க மாதம் இரண்டு தரம் விட்டார்கள். காவலர் ஒருவர் பக்கத்தில் இருந்து கேட்பார், அதனால் ஜெர்மனில்தான் கதைக்க வேண்டும் என்றார்கள். அண்ணனும் தங்கையும் வாழ்க்கையில் ஒருநாளும் தங்களுக்குள் ஜெர்மன் கதைத்ததில்லை. யாரோ இரண்டு பேர் கதைப்பது போல இருந்தது. “அவன் உன்னைக் கொன்றுகொண்டிருந்தான்” என்று தவச்செல்வன் ஒருமுறை தொடங்கினான். வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்று காவலர் கையை உயர்த்தினார். ரிஷானி மேசையைப் பார்த்துக்கொண்டு, சாப்பாடு எப்படி என்று கேட்டாள்.

வழக்கு கார்த்திகையில் தூண் நகர நீதிமன்றத்தில் வந்தது. முதல்நாள் இரவு வரைக்கும் ரிஷானி இரண்டு பதிலையும் வாய்க்குள் வைத்துப் பார்த்தாள். இறுக்கினான். இறுக்கவில்லை. முன்வரிசையில் ரெட்டோ இருந்தான். முகத்தின் கீழ்ப்பாதி வேறொருவருடையது போல ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவனைப் பார்த்து அவளுக்கு இரக்கமும் வந்தது, அந்தப் பெருவிரல்களின் ஞாபகமும் வந்தது. இரண்டில் ஒன்று மற்றதை அழிக்கவில்லை.

“அந்தப் பிற்பகல் அவருடைய கைகள் எப்படி இருந்தன?” என்று நீதிபதி கேட்டார்.

“இறுகவில்லை” என்றாள். “தொட்டுக்கொண்டுதான் இருந்தன. நான் நடித்தேன்.”

பின்னால் அம்மா ‘ஐயோ’ என்றது கேட்டது. அண்ணன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். ஆறடிக்கு அப்பால் இருந்து, இதுவரை காணாத ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

ரிஷானி நிறுத்தவில்லை. பத்தாம் நாள் ஒத்திகையைச் சொன்னாள். பின்னலை இழுத்ததைச் சொன்னாள். நிரப்பிக் கொடுத்த படிவத்தையும் கழுத்துப் படத்தையும் வேணுகா மேசையில் வைத்தாள். பிறகு, விழாவின் சேமிப்பிலிருந்து கேட்டு வாங்கிய ஒத்திகை வீடியோவை ஓடவிட்டாள். ரிஷானியின் கை ரெட்டோவின் மணிக்கட்டில் இரண்டு தரம் தட்டுவது தெளிவாகத் தெரிந்தது. இன்னும் இரண்டு தரம். பிறகு விரல்கள் விரிந்து பிறாண்டின. நீதிபதி திரும்பப் போடச் சொன்னார். ரெட்டோ அதைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்தான்.

“இந்தப் படத்திலுள்ள காயத்தை உங்கள் சகோதரர் கண்டாரா?”

“கண்டார். அதற்குப் பிறகு நான் ரெட்டோவைத் திருப்பி அடித்ததும், அவர் கையைத் தளர்த்தியதும் அண்ணனுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. அண்ணனிடம் இருந்தது கதையின் முதல் பாதி மட்டும்தான்.”

தீர்ப்பு ஒரு வாரம் கழித்து வந்தது. தங்கை கொல்லப்படுகிறாள் என்று அவன் உண்மையாகவே நம்பினான் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. முதல் இரண்டு அடிகளை மன்னித்தது. ஆள் விழுந்து கிடந்த பிறகு அடித்த நான்கு அடிகளை மன்னிக்கவில்லை. இரண்டு வருடச் சிறை, ஆனால் நிறுத்தி வைக்கப்பட்டது, உள்ளே போகத் தேவையில்லை. சிறுவயதிலிருந்து இந்த நாட்டில் வளர்ந்தவன் என்பதால் நாடு கடத்தல் இல்லை.

வெளியே மழை தூறியது. அம்மா வேணுகாவின் கையைப் பிடித்து அழுதுகொண்டிருந்தாள். தவச்செல்வன் படியில் நின்று சிகரெட்டைப் பற்றவைத்தான்.

“நடிச்சனியோ?” என்றான்.

“ஓம்.”

“அவ்வளவும்?”

“ஓம் அண்ணா.”

“எனக்கு மூச்சு நிண்டுபோச்சு, ரிஷா. அங்கை நிண்டு எனக்கு மூச்சு நிண்டுபோச்சு.” புகையை விட்டான். “ஏன் சொல்லேல்லை எனக்கு, அவனுக்கு நீ அடிச்சதை? ஒரு வசனம். சமையலறைக் கதவிலை நிண்டு ஒரு வசனம் சொல்லியிருந்தால்...”

“ஓம்.”

“ஒரு மனிசன்ரை பாட்டை முறிச்சுப்போட்டன். அவன் கெட்டவன்தான். எண்டாலும் அவன் கீழை கிடக்கேக்கை எனக்குத் தெரிஞ்சது, ரிஷா. மூண்டாவது அடியிலையே தெரிஞ்சது, போதும் எண்டு. கை நிக்கேல்லை.” அவன் அதை வேறு யாரிடமும் சொன்னதில்லை, நீதிபதியிடமும் சொல்லவில்லை.

ஹோட்டல் அவனைத் திரும்ப எடுக்கவில்லை. சூக் நகரில் ஒரு சிநேகிதன் மூலமாக அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை கிடைத்திருந்தது. புகையிரத நிலையத்தில் அவனுக்கு வேறு மேடை, அவர்களுக்கு வேறு மேடை.

“நான் போறன்” என்றான்.

“போட்டு வாறன் எண்டு சொல்லடா” என்றாள் அம்மா.

அவன் சொல்லவில்லை. படியிறங்கிச் சுரங்கப் பாதையில் போய்விட்டான்.

அந்த ஒப்பேரா பிறகு எங்கும் மேடையேறவில்லை. பெர்ணடெட் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள், ரிஷானி பதில் போடவில்லை. ரெட்டோ குடும்பத்தோடு தெற்குப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. தீர்ப்புக்குப் பிறகு ஐந்து மாதம் ரிஷானி வீட்டில்கூடப் பாடவில்லை. சித்திரையில் பாசலில் ஒரு சிறிய நாடகசாலையில் குரல் தெரிவுக்குப் போனாள், எடுத்தார்கள். சண்டைக் காட்சிகளை மேற்பார்க்கவென்று தனி ஆள் இருக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினாள்.

அம்மாவின் பிறந்தநாளுக்குத் தவச்செல்வன் வின்டர்தூருக்கு வந்தான். கறிக் கோப்பையைத் தங்கையின் பக்கம் தள்ளினான், ஆனால் முகம் பார்க்கவில்லை. அடுத்த மாதமும் வந்தான், அப்போதும் அப்படித்தான். மூன்றாம் தரம் வந்தபோது, சோற்றைப் பிசைந்துகொண்டு, தலை நிமிராமல் கேட்டான்:

“இப்ப எங்கை பாடுறாய்?”

“பாசலிலை.”

“எத்தினை மணிக்குத் துவங்கும்?”

ரிஷானி சொன்னாள்.